உறுப்புரை 80(3)ஐ நீக்குங்கள்: இலங்கைப் பாராளுமன்றத்தின் 225 உறுப்பினர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பாராளுமன்ற உறுப்பினர்களுக்கு,

புதிய அரசியலமைப்பு என்ற பேச்சு எழும்போதெல்லாம் நிறைவேற்று ஜனாதிபதி முறையும் அதிகாரப் பகிர்வும்தான் முதலில் அடிபடுகின்றன. இரண்டும் பெரிய விடயங்கள். ஆனால் அவற்றில் நீங்கள் என்ன முடிவுக்கு வந்தாலும், அந்த முடிவைப் பின்னால் வரும் ஒரு சாதாரணச் சட்டம் மீறினால் யார் தடுப்பது என்ற கேள்வி மிஞ்சி நிற்கும். 1978 அரசியலமைப்பில் அதற்கு விடை இல்லை. அந்த இடத்தைத்தான் இந்த மடலில் உங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறோம்.

உறுப்புரை 80(3) சொல்வது இதுதான்: ஒரு சட்டமூலத்தில் சபாநாயகரோ, மக்கள் தீர்ப்புக்கு (சர்வசன வாக்கெடுப்புக்கு) போனதாயின் ஜனாதிபதியோ சான்றுரை எழுதிவிட்டால், அதன் வலிதுடைமையை, அதாவது அது செல்லுமா என்பதை, எந்த நீதிமன்றமும் எந்தக் காரணத்துக்காகவும் கேள்விக்குட்படுத்த முடியாது. உறுப்புரை 16(1) இன்னொரு பக்கத்தை அடைக்கிறது. 1978க்கு முன்பிருந்த எல்லாச் சட்டங்களும் அடிப்படை உரிமைகள் அத்தியாயத்துக்கு முரணாக இருந்தாலும் செல்லும் என்கிறது அது. அரசியலமைப்பு உரிமைகளைத் தருகிறது. அந்த உரிமைகளைப் பறிக்கும் ஒரு சட்டத்தை ஒதுக்கி வைக்கும் அதிகாரத்தை மட்டும் நீதிபதிகளுக்குத் தரவில்லை.

அப்படியானால் நீதிமன்றத்துக்கு இடமே இல்லையா? ஓர் இடம் உண்டு. அது எவ்வளவு ஒடுங்கியது என்பதைப் படிப்படியாகப் பாருங்கள். சட்டமூலம் வர்த்தமானியில் வெளியாகிறது, பின்னர் பாராளுமன்ற ஒழுங்குப் பத்திரத்தில் ஏறுகிறது. அன்றிலிருந்து பதினான்கு நாட்களுக்குள் மனுப்போட வேண்டும். முன்பு இது ஒரே ஒரு வாரம். மனுப்போடக் கூடியவர் பிரசையாகவோ, முக்கால் பங்கு உறுப்பினர்களாவது பிரசைகளாக உள்ள ஓர் அமைப்பாகவோ இருக்க வேண்டும். (மலையகத்தில் பிரசாவுரிமை இன்றி வைக்கப்பட்டிருந்தவர்களுக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை இந்த வழியும் இருக்கவில்லை.) மனு போக வேண்டிய இடம் கொழும்பு புதுக்கடையிலுள்ள உயர் நீதிமன்றம். பிரதி ஒன்று சபாநாயகரிடம் கொடுக்கப்பட வேண்டும். மனு கிடைத்து மூன்று வாரத்துக்குள் உயர் நீதிமன்றம் தீர்மானத்தை எழுதி முடிக்க வேண்டும். அதில் சாதாரணப் பெரும்பான்மை போதுமா, மூன்றில் இரண்டு, அதாவது 150 வாக்கு வேண்டுமா, மக்கள் தீர்ப்பும் வேண்டுமா, எந்த வாசகத்தை எப்படி மாற்றினால் முரண் நீங்கும் என்பதெல்லாம் சொல்லப்பட வேண்டும். அதன் பிறகு உறுப்புரை 124இன்படி அந்தச் சட்டமூலத்தைப் பற்றி எந்த நீதிமன்றமும் வாய் திறக்க முடியாது.

இந்த முறையின் அடிப்படைக் குறை இதுதான்: சட்டம் நடைமுறைக்கு வருமுன், யாரும் அதனால் பாதிக்கப்படுமுன், வெறும் கடதாசியை வைத்து நீதிபதிகள் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. பொலிஸ் நிலையத்தில் அந்தப் பிரிவு எப்படிப் பயன்படும், காணிக் கச்சேரியில் எப்படி வாசிக்கப்படும் என்பது அப்போது எவருக்கும் தெரியாது.

பயங்கரவாதத் தடைச் சட்டத்தைப் பாருங்கள். 1979 ஜூலையில் அது ‘அவசர சட்டமூலம்’ என்ற வழியில் போனது. அந்த வழியில் அமைச்சரவை அவசரம் என்று சான்றளித்தால் போதும். ஜனாதிபதி அதைப் பிரதம நீதியரசருக்கு அனுப்புவார். நீதிமன்றத்துக்குக் கிடைத்தது 24 மணித்தியாலம், கூடிப்போனால் மூன்று நாள். பொதுமக்கள் சட்டமூலத்தைக் கண்ணால் காணும் முன்பே விசாரணை முடிந்துவிடும். அமைச்சரவை ‘மூன்றில் இரண்டு பெரும்பான்மையுடன் நிறைவேற்றவிருக்கிறோம்’ என்று முன்கூட்டியே சொல்லிவிட்டதால், மக்கள் தீர்ப்புத் தேவையா என்ற ஒரே கேள்வியைத்தான் நீதிமன்றம் எடுத்துக்கொண்டது. தேவையில்லை என்றது. அடிப்படை உரிமைகளோடு ஒவ்வொரு பிரிவும் எப்படி மோதுகிறது என்ற ஆய்வு அங்கே நடக்கவேயில்லை. ஜூலை 20இல் அது சட்டமானது. மூன்றாண்டுக்கு மட்டும் என்று கொண்டுவரப்பட்ட ‘தற்காலிக ஏற்பாடு’, 1982இல் நிரந்தரமாயிற்று.

அதன் 9ஆம் பிரிவு, அமைச்சரின் கட்டளையின்பேரில் மும்மூன்று மாதமாக 18 மாதம் வரை ஒருவரைத் தடுத்து வைக்க விட்டது. 2022 திருத்தம்தான் அதை 12 மாதமாக்கியது. 16ஆம் பிரிவு இன்னும் கடுமையானது. உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத ஓர் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் சான்றாக ஏற்கப்படும். அது அடித்து வாங்கப்பட்டது என்று நிரூபிக்கும் சுமை, அடிவாங்கியவர் தலையில். இதன் கீழ் ஒரு தமிழ் இளைஞருக்கு 1995இல் மேல் நீதிமன்றம் 50 ஆண்டுச் சிறை விதித்தது. மேன்முறையீட்டில் அது 35 ஆண்டாகக் குறைந்தது. அவருக்கு எதிரான சான்று அந்த வாக்குமூலம் ஒன்றுதான். அது சிங்களத்தில் எழுதப்பட்டிருந்தது. அவருக்குச் சிங்களம் தெரியாது. கீழே இருந்தது அவரது பெருவிரல் அடையாளம். நிரூபிக்கும் சுமையை அவர்மேல் போட்டது சர்வதேச உடன்படிக்கைக்கு முரண் என்று 2004இல் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு சொன்னது. ஆனால் 16ஆம் பிரிவு அரசியலமைப்புக்கு முரணா என்று இலங்கையில் எந்த நீதிபதியும் அவருடைய வழக்கில் கேட்டிருக்க முடியாது. கேட்கத் தடை இருந்தது. கேட்கக் கூடிய ஒரே தருணம் 1979இல், அவசர சட்டமூலத்தோடு கடந்து போயிருந்தது.

அவசர சட்டமூல முறையை 2015இல் பத்தொன்பதாம் திருத்தம் நீக்கியது. 2020இல் இருபதாம் திருத்தம் திரும்பக் கொண்டுவந்தது. 2022இல் மீண்டும் நீக்கப்பட்டது. அது நல்லதே. ஆனால் அவசரம் என்று பெயர் சூட்டாமலே அவசரப்படுத்தலாம் என்பதை இடையில் பார்த்தோம். கொழும்புத் துறைமுக நகர சட்டமூலம் 2021 ஏப்ரல் 8இல் சமர்ப்பிக்கப்பட்டது. அப்போதைய ஒரு வாரக் கெடுவில் வார இறுதியும் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையும் போக மிஞ்சியதில்தான் மனுதாரர்கள் சட்டத்தரணியைத் தேடி, வாசித்து, எழுதி, தாக்கல் செய்ய வேண்டியிருந்தது. பல பிரிவுகள் முரண் என்று நீதிமன்றம் கண்டது. சில பிரிவுகளுக்கு மக்கள் தீர்ப்பும் வேண்டும் என்றது. அந்தத் தீர்மானத்தைச் சபாநாயகர் சபையில் அறிவித்தது மே 18. திருத்தங்களோடு சட்டமூலம் நிறைவேறியது மே 20.

திருத்தங்கள் என்றதும், சட்டமூலத்தைப் பாராளுமன்றம் பிரிவு பிரிவாகப் பார்த்துத் திருத்தும் கட்டமான குழுநிலைக்கு வருகிறோம். முறையின் மிகப் பெரிய ஓட்டை இங்கேதான் இருக்கிறது. நீதிமன்றம் பார்ப்பது ஒழுங்குப் பத்திரத்தில் ஏறிய பிரதியை. சட்டமாவது குழுநிலையில் திருத்தப்பட்ட பிரதி. இரண்டுக்கும் இடையில் எவ்வளவு மாறினாலும் நீதிமன்றத்துக்குத் திரும்பிப் போக வழியில்லை. உறுப்புரை 77இன்படி திருத்தங்களைப் பற்றிச் சட்டமா அதிபர் சபாநாயகருக்குக் கருத்துச் சொல்ல வேண்டும். அவர் அரசாங்கத்தின் சட்டத்தரணியும்கூட.

2017 செப்ரெம்பர் 20ஐ நினைவுகூருங்கள். மாகாண சபைத் தேர்தல் திருத்தச் சட்டமூலம் வேட்புமனுக்களில் பெண்களுக்கு இடம் ஒதுக்கும் சிறிய மாற்றமாக வந்தது. குழுநிலையில் அதற்குள் முழுத் தேர்தல் முறையையும் மாற்றும் ஏற்பாடுகள் செருகப்பட்டு, அன்றே மூன்றில் இரண்டு பெரும்பான்மையோடு நிறைவேறின. புதிய முறைக்கு எல்லை நிர்ணயம் வேண்டும். அந்த அறிக்கையை 2018 ஆகஸ்டில் பாராளுமன்றமே நிராகரித்தது. பழைய முறை சட்டத்தில் இல்லை, புதிய முறைக்கு எல்லைகள் இல்லை. வட மாகாண சபைக்கு 2013 செப்ரெம்பரில் நடந்தது முதல் தேர்தல். அந்தச் சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. பின்னர் மாகாணங்கள் எல்லாம் ஆண்டுக்கணக்கில் ஆளுநர்களின் கையில். வாக்குரிமையையும் மாகாண சபைகளை உருவாக்கிய பதின்மூன்றாம் திருத்தத்தையும் இப்படி முடக்கிய அந்தச் செருகலை எந்தப் பிரசையும் எந்தக் கட்டத்திலும் நீதிமன்றத்தில் எதிர்த்திருக்க முடியாது. நிறைவேறுமுன் அது யாருக்கும் தெரியாது. நிறைவேறிய பின் 80(3).

இணையப் பதிவுகளைக் கட்டுப்படுத்தும் நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தில் இது தலைகீழாக நடந்தது. 2023 ஒக்டோபர் 3இல் சமர்ப்பிக்கப்பட்ட சட்டமூலத்தை நீதிமன்றம் உரிய நேரத்தில் பார்த்து, சாதாரணப் பெரும்பான்மையால் நிறைவேற்ற வேண்டுமானால் இன்னின்ன பிரிவுகளை இப்படித் திருத்த வேண்டும் என்று நீண்ட தீர்மானம் எழுதியது. 2024 ஜனவரி 24இல் 108க்கு 62 என்று அது நிறைவேறியது. சொன்ன திருத்தங்கள் பல பிரிவுகளில் முழுமையாகச் சேரவில்லை என்று மனித உரிமைகள் ஆணைக்குழு சபாநாயகருக்கு எழுதியது. ஆனால் பெப்ரவரி 1இல் அவர் சான்றுரை எழுதியாயிற்று. அந்தச் சான்றுரையை எதிர்த்த அடிப்படை உரிமை மனுவை விசாரணைக்கு எடுக்க உயர் நீதிமன்றம் மறுத்தது. தன் தீர்மானம் பின்பற்றப்பட்டதா என்பதைப் பார்க்கும் அதிகாரம் அந்தத் தீர்மானத்தை எழுதிய நீதிமன்றத்துக்கே இல்லை.

‘மக்கள் தெரிவுசெய்த பாராளுமன்றத்துக்கு மேலே நீதிபதிகளை வைக்கலாமா?’ என்ற ஆட்சேபம் உங்களில் பலருக்கு நேர்மையாகவே இருக்கும். உறுப்புரை 3ஐ மறுபடி வாசியுங்கள். இறைமை மக்களுடையது, அடிப்படை உரிமைகள் அந்த இறைமையின் பகுதி என்று அது சொல்கிறது. உங்களுக்கு ஒப்படைக்கப்பட்டது சட்டமாக்கும் அதிகாரம். ஜனாதிபதி விடயத்தில் இந்தத் தர்க்கத்தை நாடு ஏற்கெனவே ஏற்றிருக்கிறது. 2018 நவம்பர் 9இல் பாராளுமன்றம் கலைக்கப்பட்டபோது, நான்கே நாளில் இடைக்காலத் தடை வந்தது. டிசம்பர் 13இல் ஏழு நீதிபதிகள் ஒருமனதாக அந்தக் கலைப்பு அரசியலமைப்புக்கு முரண் என்றனர். உங்களுக்கு முன்பிருந்த சபை தன் ஆசனங்களில் திரும்ப அமர்ந்தது அந்தத் தீர்ப்பினால்தான். நேரடியாகத் தெரிவான ஜனாதிபதியின் செயலைச் சீர்தூக்கிப் பார்க்கலாம் என்றால், ஒரு சட்டத்தைப் பார்க்கக் கூடாது என்பதற்கு எஞ்சும் காரணம் என்ன?

இது இந்த நாட்டுக்குப் புதியதும் அல்ல. சோல்பரி அரசியலமைப்பின் கீழ் 1972 வரை நீதிமன்றங்கள் சட்டங்களைச் செல்லாதவை என்று சொல்லியிருக்கின்றன. 1962 ஆட்சிக்கவிழ்ப்புச் சதி வழக்குக்காகப் பின்னோக்கி எழுதப்பட்ட விசேட சட்டங்களை 1965இல், அப்போதைய இறுதி மேன்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் தூக்கியெறிந்தது அப்படித்தான். தனிச் சிங்களச் சட்டமும் அந்த வழியில்தான் நீதிமன்றம் ஏறியது. சிங்களத் தேர்ச்சிப் பரீட்சையில் சித்தியடையாததால் சம்பள உயர்ச்சி மறுக்கப்பட்ட அரச ஊழியர் கோடீஸ்வரன் தொடுத்த வழக்கில், 1964இல் மாவட்ட நீதிமன்றம் அச்சட்டம், ஓர் இனத்துக்கு மட்டும் பாதகமான சட்டங்களைத் தடுத்த சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவுக்கு முரண் என்றது. உயர் நீதிமன்றம் வேறு காரணத்தால் வழக்கைத் தள்ளியது. 1969இல் பிரிவி கவுன்சில் அதைத் திருப்பி அனுப்பியது. மொழிச் சட்டம் செல்லுமா என்ற கேள்விக்கு விடை கிடைக்கும் முன்பே 1972 அரசியலமைப்பு வந்து 29ஆம் பிரிவையும் சட்டங்களை மீளாய்வு செய்யும் அதிகாரத்தையும் சேர்த்தே எடுத்துவிட்டது. இந்தக் காலவரிசையை நீங்கள் கவனிக்க வேண்டும் என்று விரும்புகிறோம்.

நீதிமன்றம் எப்போதும் சிறுபான்மையின் பக்கம் நிற்கும் என்று நாங்கள் சொல்லவில்லை. 2006இல் வடக்குக் கிழக்கு இணைப்பைச் செல்லாததாக்கியதும் அதே நீதிமன்றம்தான். நாங்கள் கேட்பது, கேள்வியைக் கேட்கும் உரிமை. விடை பாதகமாகவும் வரலாம்.

இனி எப்படிச் செய்வது என்பதற்கு வருவோம். வெறும் நீக்கம் போதாது. சரியாக வடிவமைக்காவிட்டால் குழப்பம் வரும் என்பதும் உண்மை.

பிரான்ஸ் நமக்கு மிக அருகிலுள்ள முன்னுதாரணம். 1958 அரசியலமைப்பின்படி அங்கும் சட்டமாகுமுன் மட்டும்தான் ஆய்வு. 2008இல் அரசியலமைப்பைத் திருத்தி, 2010 மார்ச் 1 முதல் நடைமுறையிலுள்ள சட்டத்தையும் வழக்காளி கேள்வி கேட்கலாம் என்றார்கள். கீழ் நீதிமன்றத்தில் கேள்வி எழுந்தால், உச்ச நிலையிலுள்ள இரு நீதிமன்றங்களில் உரியது மூன்று மாதத்துக்குள் அதைச் சலித்துப் பார்க்கும். தகுதியானால், சட்டங்களை ஆராயும் அமைப்பான அரசியலமைப்புச் சபை அடுத்த மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்லும். தொடங்கிய ஐந்தாம் மாதமே, பொலிஸ் காவல் பற்றிய சட்டம் வந்தது. 1993இல் அதே சபை அந்த முறையைச் சரி என்று விட்டிருந்தது. ஆனால் 2009இல் 7,90,000க்கும் மேற்பட்டோர் அப்படிக் காவலில் வைக்கப்பட்டதைச் சுட்டி, நிலைமை மாறிவிட்டது, மறுபடி பார்க்கலாம் என்றது. சட்டத்தரணி உடனிருக்கும் உரிமை போதாது என்று 2010 ஜூலை 30இல் அச்சட்டத்தை முரண் என்றது. உடனே இரத்துச் செய்யவில்லை. 2011 ஜூலை 1 வரை அவகாசம் கொடுத்தது. பாராளுமன்றம் அதற்குள் புதிய சட்டம் இயற்றியது. நம் 16ஆம் பிரிவுக்கு இப்படியொரு வழி இருந்திருந்தால் எத்தனை பேருடைய வழக்கு வேறு மாதிரி முடிந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

இலங்கையில் இதற்குத் தேவையான இயந்திரத்தில் பாதி ஏற்கெனவே இருக்கிறது. உறுப்புரை 125இன்படி எந்த நீதிமன்றத்திலும் அரசியலமைப்பின் பொருள்கோடல் பற்றிய கேள்வி எழுந்தால் அதை உயர் நீதிமன்றத்துக்கு அனுப்ப வேண்டும். இரண்டு மாதத்துக்குள் அது பதில் சொல்ல வேண்டும். ‘பொருள்கோடல்’ என்பதோடு ‘சட்டத்தின் வலிதுடைமை’ என்பதையும் சேர்த்து, 80(3), 16(1), 124 மூன்றையும் நீக்கினால், யாழ்ப்பாணத்திலோ பதுளையிலோ ஒரு நீதவான் முன் எழும் கேள்வியும் மேலே போகும். சட்டமாகி இரண்டு ஆண்டுக்குள் மட்டும் கேள்வி கேட்கலாம் என்பது போன்ற சமரசங்களை ஏற்காதீர்கள். காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் 1935இல் வந்தது. அதன் மூன்றாம் அட்டவணை உரித்தில் ஆணுக்கு முன்னுரிமை கொடுத்தது. 2022 வரை அது அப்படியே இருந்தது. அனுமதிப்பத்திரக் காணியில் வாழும் ஒரு குடும்பத்தின் மகளுக்கு அந்தப் பிரிவின் பாதிப்புத் தெரிவது தகப்பன் இறக்கும் நாளில்.

முரண் என்று கண்டால் என்ன ஆகும் என்பதைத் தெளிவாக எழுதுங்கள். உடனடி இரத்துச் சில சட்டங்களில் வெற்றிடத்தை உண்டாக்கும். அவகாசம் கொடுத்தால் பாராளுமன்றம் இழுத்தடிக்கலாம். தென்னாபிரிக்க அரசியலமைப்பு நீதிமன்றம் 2005 டிசம்பர் 1இல் ஒருபால் திருமண வழக்கில் நல்ல வழியைக் காட்டியது. 12 மாத அவகாசம், அதற்குள் சட்டம் திருத்தப்படாவிட்டால் நீதிமன்றம் எழுதிய சொற்கள் தாமாகவே சட்டத்தில் சேர்ந்துவிடும். கெடு முடியும் தறுவாயில், 2006 நவம்பர் 30இல் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தது. தானாகச் செயற்படும் அந்த வாசகம் இல்லாவிட்டால் அவகாசம் நீண்டுகொண்டே போகும். பழைய தீர்ப்புகளுக்கு ஜேர்மனியின் விதி பொருந்தும். செல்லாதென்று கண்ட சட்டத்தின் கீழான குற்றத் தீர்ப்புகளை மீள விசாரிக்கக் கோரலாம். மற்ற முடிந்த வழக்குகள் அப்படியே நிற்கும். காணி, வரி, ஒப்பந்தம் எல்லாம் குலைந்துவிடும் என்ற அச்சத்துக்கு அது போதிய பதில்.

முன்கூட்டிய ஆய்வையும் கைவிட வேண்டாம், விரிவாக்குங்கள். மூன்று வாரத்தை எட்டு வாரமாக்கலாம். குழுநிலைத் திருத்தங்கள் சேர்ந்த பிரதி மூன்று மொழியிலும் அச்சாகி, ஏழு நாள் கழித்தே மூன்றாம் வாசிப்பு நடக்க வேண்டும். அந்த ஏழு நாளில் திருத்தங்களை மட்டும் எதிர்த்து மனுப்போட இடம் வேண்டும். சட்டமா அதிபரின் 77ஆம் உறுப்புரைக் கருத்துச் சபையில் சமர்ப்பிக்கப்பட வேண்டும். சிங்களப் பிரதியும் தமிழ்ப் பிரதியும் முரண்பட்டால் சிங்களப் பிரதியே மேலோங்கும் என்று சட்டங்களின் கடைசிப் பிரிவு சொல்வதால், தமிழில் வாசித்து மனு எழுதுபவர் வேறொரு சட்டத்தை எதிர்த்துக்கொண்டிருக்கவும் கூடும் என்பதை மறக்காதீர்கள்.

தனி அரசியலமைப்பு நீதிமன்றமா, உயர் நீதிமன்றமா? எங்களுக்குள் இதை நீண்ட நேரம் விவாதித்தோம். தனி நீதிமன்றத்தை 1972இல் இந்நாடு பார்த்தது. ஐந்து உறுப்பினர், பதினான்கு நாள் கெடு. லேக் ஹவுஸ் பத்திரிகை நிறுவனம் பற்றிய சட்டமூலத்தில் பதினான்கு நாள் போதவில்லை என்று நீதிபதிகள் சொன்னதும் சபையோடு மோதல் வந்து, அவர்கள் பதவி விலக நேர்ந்தது. புதிய நீதிமன்றம் என்றால் எல்லா நீதிபதிகளையும் ஒரே அரசாங்கக் காலத்தில் நியமிக்க வேண்டிவரும். அதைவிட, இருக்கும் உயர் நீதிமன்றத்தின் மிக மூத்த ஏழு நீதிபதிகள் தாமாகவே அமர்வாகும் விதி பாதுகாப்பானது. ஒருவர் விலகினால் அடுத்த மூத்தவர் வர வேண்டும். எந்த நீதிபதி எந்த வழக்கைக் கேட்பார் என்பது எவருடைய விருப்பத்துக்கும் விடப்படக் கூடாது.

நீதிபதியை நீக்கும் முறையையும் சேர்த்தே திருத்த வேண்டும். 2012இல், மாகாண அதிகாரங்களைத் தொட்ட திவிநெகும சட்டமூலம் மாகாண சபைகளுக்கு அனுப்பப்பட வேண்டும், வட மாகாணத்தில் சபை இல்லாதபோது ஆளுநரின் சம்மதம் அதற்கு ஈடாகாது என்று உயர் நீதிமன்றம் சொன்னது. அதை அடுத்து, 2013 ஜனவரியில் பிரதம நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்க பதவியிலிருந்து நீக்கப்பட்டார். விசாரித்தது பாராளுமன்றத் தெரிவுக்குழு. குற்றச்சாட்டை விசாரிப்பது நிலையியற் கட்டளையால் அல்ல, சட்டத்தால் அமைந்த சுயாதீனக் குழுவாக இருக்க வேண்டும் என்று அப்போது உயர் நீதிமன்றம் கொடுத்த பொருள்கோடலை அரசியலமைப்பிலேயே எழுதிவிடுங்கள். ஓய்வுக்குப் பின் ஜனாதிபதி கொடுக்கும் பதவிகளையும் இந்த நீதிபதிகளுக்குத் தடைசெய்யுங்கள்.

இவற்றில் எதற்கும் புதிய அரசியலமைப்பு முழுமையாகத் தயாராகும்வரை காத்திருக்கத் தேவையில்லை. 80(3), 16(1), 124, 125 ஆகியவற்றுக்கான திருத்தத்தைத் தனிச் சட்டமூலமாகவே கொண்டுவரலாம். இவற்றில் எதுவும், திருத்துவதற்கு மக்கள் தீர்ப்பு வேண்டிய உறுப்புரைகளைக் கூறும் உறுப்புரை 83இன் பட்டியலில் இல்லை. மக்கள் தீர்ப்புத் தேவையா என்ற ஐயம் எழுந்தால் உயர் நீதிமன்றமே அதைத் தீர்க்கும். வரைவை மூன்று மொழியிலும் ஒரே நாளில் வெளியிட்டு, மாகாண மட்டத்தில் சட்டத்தரணிகளிடமும் பொதுமக்களிடமும் கருத்துக் கேட்க மூன்று மாதம் கொடுங்கள். வரைவு எழுதும் பணியில் எங்கள் உழைப்பு தேவைப்பட்டால் ஊதியமின்றித் தர ஆயத்தமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
அரசியலமைப்புச் சட்டத்தில் பணியாற்றும் சட்டத்தரணிகளும் ஆசிரியர்களும்